வெட்டி இழுக்கும் வண்டி: பட்டறைத் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பட்டறைத் தம்பிகளுக்கும், இப்போது ஒருவர் இருவராக ஸ்பேனர் பிடிக்க வந்திருக்கும் தங்கைகளுக்கும்,

“ஆக்ஸிலேட்டர் மிதிச்சா வண்டி வெட்டி வெட்டி இழுக்குது” என்று சொல்லிக்கொண்டு வருகிறவரைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். நம் பட்டறைகளில் அவருக்கு நடப்பதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மனசு கேட்கவில்லை. முதலில் பிளக் மாற்றுகிறோம். சரியாகவில்லை. காயில் மாற்றுகிறோம். கொஞ்சம் தேவலாம் போலத் தெரிகிறது, இரண்டு நாளில் திரும்பி வருகிறார். பிறகு பெட்ரோல் பம்ப், த்ராட்டில் பாடி, கடைசியில் இன்ஜெக்டர். ஒவ்வொரு தடவையும் “இதையும் மாத்திப் பார்ப்போம்ணா” என்கிறோம். வந்தவர் கால் டாக்ஸி ஓட்டுபவர் என்றால் வண்டி பட்டறையில் நிற்கிற நாளெல்லாம் அவருக்கு வருமானம் கிடையாது. தவணை மட்டும் தேதி தவறாமல் வந்துவிடும். இத்தனையும் மாற்றிய பிறகு வண்டி சரியாகிவிட்டாலும், எது கெட்டிருந்தது என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அடுத்த வண்டிக்கு அதே கூத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

நான் கேட்பது ஒன்றுதான். பழுது இங்கேதான் என்று சோதித்துக் காட்ட முடிகிற வரை எந்தப் பொருளையும் வாங்கச் சொல்லாதீர்கள். அதற்கு விலை உயர்ந்த கருவிகள் வேண்டும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான சோதனைகளை நம் கையில் இருப்பதை வைத்தே செய்துவிடலாம்.

பானட்டைத் திறப்பதற்கு முன் வண்டியில் ஏறி உட்காருங்கள். ஸ்டீயரிங் பக்கம் வேண்டாம், பக்கத்து சீட்டில். அவர் தினமும் ஓட்டுகிறவர். எந்த இடத்தில் எப்படி மிதித்தால் அந்த வெட்டு வரும் என்பது அவர் காலுக்குத் தெரியும். நீங்கள் ஓட்டினால் உங்கள் பழக்கத்துக்கு மிதிப்பீர்கள், வெட்டே வராது, “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்று சாவியைத் திருப்பிக் கொடுப்பீர்கள். அவரையே ஓட்டச் சொல்லி, போகிற வழியில் கேளுங்கள். எந்த கியரில் வருகிறது? காலையில் எடுத்தவுடனா, இன்ஜின் சூடான பிறகா? ஏசி போட்டால் கூடுகிறதா? டேங்கில் பெட்ரோல் குறைந்தால் வருகிறதா? மழைக்குப் பிறகு ஆரம்பித்ததா? இது வருவதற்கு முன் கடைசியாக வண்டியில் யார் எதைத் தொட்டார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நாம் கேட்க மறக்கிறோம். ஏர் ஃபில்டர் மாற்றியவர் ஹோஸ் கிளாம்பை முடுக்காமல் விட்டிருப்பார். அதற்கு நாம் பம்பை இறக்கிக்கொண்டிருப்போம்.

பேசிக்கொண்டே ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். வெட்டுகிற கணத்தில் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால், இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்ஸரின் சிக்னல் அறுபடுகிறது என்று சந்தேகப்படலாம். சூடானால் மட்டும் வருகிற கோளாறுகளில் இது அடிக்கடி தட்டுப்படும். முள் மேலே ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினைத் தொடவே வேண்டாம். முள்ளும் வண்டியும் சேர்ந்து திணறினால் எரிய வேண்டியது எரியாமல் போகிறது, நாம் மிஸ்ஸிங் என்கிறோமே, அது. சில புதிய கார்களில் மீட்டர் முள்ளைச் சீராகவே காட்டும்படி அமைத்திருப்பார்கள். ஸ்கேனர் இருந்தால் லைவ் டேட்டாவில் ஆர்.பி.எம்.மைப் பார்ப்பது இன்னும் உறுதி.

ஓட்டிப் பார்க்கிற இடமும் முக்கியம். பட்டறை வாசலில் முதல் கியரில் ஒரு சுற்று சுற்றுவது சோதனை ஆகாது. இன்ஜின் மேல் பாரம் விழ வேண்டும். மூன்றாவது அல்லது நான்காவது கியரில், குறைந்த ஆர்.பி.எம்.மில் இருந்து நன்றாக மிதித்து ஏற்ற வேண்டும். சென்னையில் இருந்தால், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து கத்திப்பாரா மேம்பாலம் ஏறுங்கள். சேலத்துத் தம்பிகளுக்கு ஏற்காடு அடிவாரம் இருக்கிறது.

பாரம் ஏன் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. “நிக்க வெச்சு ரேஸ் பண்ணினா சுத்தமா இருக்கு, அதனால பிளக்கும் காயிலும் ஓகே” என்று சொல்வதைக் கேட்கிறேன். அது தவறான முடிவு. நிற்கிற வண்டியில் த்ராட்டில் கொஞ்சமே திறக்கிறது, சிலிண்டருக்குள் காற்று குறைவாகப் போகிறது, பிளக் முனையில் அழுத்தமும் குறைவு. மேடு ஏறும்போது சிலிண்டர் நிறையக் காற்று போய், அது அழுந்தி, பிளக்கின் இடைவெளியில் அழுத்தம் பல மடங்காகிறது. அழுத்தம் கூடக் கூட, அந்த இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவை. பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, காயிலின் ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்தாலோ, மின்சாரம் பிளக் முனையைத் தாண்டுவதை விட்டுவிட்டு அந்த வெடிப்பு வழியாக ஹெட்டுக்கு இறங்கிவிடும். அந்தச் சிலிண்டர் அந்தச் சுற்றில் எரியாது. ஐட்லிங்கில் முழு ஆரோக்கியமாகத் தெரிகிற காயில், பாலத்தின் மேல் தோற்றுப்போவது இதனால்தான். கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் இழுத்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடினால் மின்சாரம் அந்த வழியாகத்தான் ஓடியிருக்கிறது. பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து அந்த ஆயில் காயில் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். கேஸ்கெட்டை விட்டுவிட்டுப் புதுக் காயிலை அதே ஆயிலில் முக்கி வைத்தால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

எந்தக் காயில் என்று கண்டுபிடிக்கக் காசே வேண்டாம். ஸ்கேனரில் பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். இன்ஜினை அணைத்துவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் மாற்றிப் போடுங்கள், அதே பாலத்தில் ஓட்டுங்கள். கோட் பி0303 என்று மாறினால் காயில்தான் பழுது. மாறாமல் பி0301 ஆகவே நின்றால் காயிலை விட்டுவிட்டு பிளக்கை இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர், அதற்கு வருகிற ஒயர், கடைசியில் கம்ப்ரஷன். மாற்றிப் பார்ப்பதுதான் இதுவும், ஆனால் வாடிக்கையாளர் வண்டியில் ஏற்கெனவே இருப்பதை வைத்து, ஒவ்வொன்றுக்கும் விடை கிடைக்கிற மாதிரி மாற்றுகிறோம். பிளக்கின் வயதையும் கேளுங்கள். சாதாரண நிக்கல் பிளக் முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டரில் ஓய்ந்துவிடும். இரிடியம் என்றால் ஒரு லட்சம் வரை போகிறது. இடைவெளி பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும் என்றாலும் அந்த வண்டியின் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. ஓடுகிற இன்ஜினில் காயிலைப் பிடுங்கிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். போக வழியில்லாத மின்சாரம் காயிலையும் கம்ப்யூட்டரையும் கெடுக்கலாம், எரியாத பெட்ரோல் நேராக கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும்.

கன்வர்ட்டர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவது வேறு, விட்டு விட்டு மினுக்குவது வேறு. மினுக்கினால் கன்வர்ட்டர் உருகிப்போகிற அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். “ஏர்போர்ட் டிராப் ஒண்ணு முடிச்சுட்டு வந்துடறேன்” என்று அவர் போனில் சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். பிளக்கோடு முடிகிற செலவு கன்வர்ட்டர் வரை போய்விடக் கூடாது.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓ.பி.டி.-2 இருக்கிறது. விலை மலிந்த ஸ்கேனர்கள் இப்போது சின்னப் பட்டறைகளிலும் வந்துவிட்டன, நல்லது. ஆனால் கோட் என்பது பழுதான பொருளின் பெயர் அல்ல, எந்தத் திசையில் தேட வேண்டும் என்கிற குறிப்பு. பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்றுதான் அர்த்தம். அதைப் பார்த்தவுடன் ஆக்ஸிஜன் சென்ஸரை மாற்றுகிறோம். அந்த சென்ஸர் உள்ளதைச் சொன்னதற்குத் தண்டனை அது. அதைவிட மோசம், வண்டி வந்தவுடன் கோடை அழித்துவிடுவது. கோட் பதிவான கணத்தில் வேகம் என்ன, ஆர்.பி.எம். என்ன, சூடு எவ்வளவு, பாரம் எவ்வளவு என்று ஃப்ரீஸ் ஃப்ரேமில் எழுதிவைத்திருக்கும். முதலில் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அழித்தால் அதுவும் போய்விடும்.

ஃப்யூல் டிரிம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாரிடமும் மன்றாடுகிறேன். கார்புரேட்டர் காலத்தில் கலவை கெட்டால் இன்ஜின் உடனே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இப்போது கம்ப்யூட்டர் தானாகவே பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் பழுதை மறைத்துக்கொண்டே வரும். கம்ப்யூட்டரால் சமாளிக்க முடியாமல் போகிற அன்றுதான் வெட்டு தெரியும். எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே டிரிம். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை, பத்தைத் தாண்டிக் கூட்டுகிறது என்றால் தேட வேண்டும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்ஸர் உள்ள வண்டியில் ஐட்லிங்கில் இருபது காட்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் அது இறங்கிவிட்டால், கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே போகிறது. ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து பாரம் ஏற ஏற டிரிம்மும் ஏறினால், பெட்ரோல் வருவது போதவில்லை, அல்லது ஏர்ஃப்ளோ சென்ஸர் அழுக்கேறி காற்றைக் குறைத்துச் சொல்கிறது. மேப் சென்ஸரை வைத்து ஓடுகிற சின்னக் கார்கள் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றில் காற்று கசிந்தால் டிரிம் பெரிதாக ஏறாமல் ஐட்லிங்தான் கூடும். எந்த வண்டியில் எந்த சென்ஸர் என்று தெரியாமல் எண்ணை மட்டும் படிக்காதீர்கள்.

காற்றுக் கசிவில் நம்மை மிகவும் அலைக்கழிப்பது ஒன்று உண்டு. ஏர்ஃப்ளோ சென்ஸருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் போகும். மடிப்பின் அடியில் வெடித்திருக்கும். நின்ற வண்டியில் பார்த்தால் மூடியே இருக்கும், ஸ்ப்ரே அடித்தாலும் தெரியாது. இன்ஜின் மவுண்டிங் தளர்ந்த வண்டியில் நன்றாக மிதித்தால் இன்ஜின் பின்னால் சாயும், குழாய் இழுபடும், வெடிப்பு வாய் திறக்கும், வண்டி வெட்டும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். டார்ச் அடித்து, ஒவ்வொரு மடிப்பையும் கையால் விரித்துப் பாருங்கள். குழாயை மட்டும் மாற்றி மவுண்டிங்கை விட்டால் புதுக் குழாயும் கிழியும்.

பெட்ரோல் போதவில்லை என்று தெரிந்தால்கூட பம்பை உடனே இறக்க வேண்டாம். இன்டேக் போர்ட்டில் பீய்ச்சும் பெட்ரோல் கார்களில் லைனில் பெரும்பாலும் மூன்று முதல் நான்கு பார் அழுத்தம் இருக்க வேண்டும். நின்ற இடத்தில் சரியாகக் காட்டுவது போதாது. வெட்டுகிற கணத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் பம்ப் கனெக்டரில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். எர்த் ஒயர் துருப்பிடித்து பம்புக்கு மின்சாரமே போதாமல் இருந்த வண்டிகள் எத்தனையோ. அவற்றில் புதுப் பம்பும் அப்படித்தான் திணறும்.

டீசல் வண்டிக்காரர்களுக்காக இன்னும் அதிகமாக நான் கவலைப்படுகிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபோது மாருதி டீசலை நிறுத்திவிட்டாலும், அதற்கு முன் வாங்கிய டீசல் டாக்ஸிகள் நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. “நாலு நாசிலும் போச்சு” என்று சொல்வது சுலபம். அந்த ஓட்டுநருக்கு அது பல மாத வருமானம். காமன் ரெயில் நாசிலைச் சோதிக்க நான்கு கண்ணாடிக் குழாயும் நான்கு பாட்டிலும் போதும். ரிட்டர்ன் லைனைக் கழற்றி ஒவ்வொரு நாசிலின் ரிட்டர்னையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு, இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டுங்கள். மூன்று பாட்டிலில் ஒரே அளவும் நான்காவதில் நிறையவும் சேர்ந்தால் அந்த ஒரு நாசில்தான் கசிகிறது. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை மலிவானவை: அடைத்த டீசல் ஃபில்டர், அதன் அடியில் தேங்கிய தண்ணீர், லைனில் காற்றுக் குமிழ், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் கிழிசல். ஹோஸ் கிழிந்த இடத்தில் ஆயில் பிசுபிசுப்பு தெரியும், மிதித்தால் உஸ்ஸென்று சத்தம் வரும். ஸ்கேனரில் பி0299 வந்தால் டர்போவின் அழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். டர்போவுக்கே விலை கேட்பதற்கு முன் ஹோஸைக் கையால் தடவிப் பாருங்கள்.

இதைக் கவனமாகப் படியுங்கள். பழைய டீசல் இன்ஜின்களில், ஓடும்போதே நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று நம் மூத்தவர்கள் கண்டுபிடிப்பார்கள். அதைப் பார்த்துப் பழகிய கை காமன் ரெயிலிலும் அப்படியே போகிறது. ஐட்லிங்கிலேயே இருநூறு, முந்நூறு பார். மிதித்தால் 1,600 பார், அதற்கும் மேல். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோலச் சின்னதாகத்தான் இருக்கும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் விரலை, கையை எடுக்க வேண்டிய நிலை வரலாம். காமன் ரெயிலில் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தொடவே தொடாதீர்கள். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால் பிளாஸ்டர் ஒட்டி வேலையைத் தொடர விடாதீர்கள், உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்ஜினில் குறையே இல்லாமலும் வண்டி குலுங்கும். முடுக்கும்போது மட்டும் முன்பக்கம் இடமும் வலமுமாக ஆடி, காலை எடுத்தவுடன் நின்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். வளைவில் டக் டக் என்றால் வெளி ஜாயின்ட். வண்டியைக் கிளப்பும்போது மட்டும் உதறி, ஓட ஆரம்பித்தவுடன் சரியானால் கிளட்ச். 2014இல் செலேரியோவோடு பரவ ஆரம்பித்த ஏ.எம்.டி. கியர் வண்டிகளில் கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் போய் வருவது அந்த அமைப்பின் இயல்பு. புதிதாக வாங்கியவரிடம் அதைப் பொறுமையாக விளக்குங்கள், அவருக்கு ஒரு ரூபாயும் செலவு வைக்காதீர்கள்.

இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் “எல்லாம் இந்த இ20 பெட்ரோலால்தான்” என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். அதை ஆமோதிக்கவும் வேண்டாம், அலட்சியமாகத் தள்ளவும் வேண்டாம். அந்தப் பெட்ரோலில் இருக்கும் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்; தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும்; பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். எனவே சோதியுங்கள். டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தேங்கினால் டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே சீராக இருந்தால் வேறு இடத்தில் தேடுங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கி எழுந்த வண்டிகளில் கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பச்சை பூத்திருந்தால் வெட்டு அங்கிருந்துகூட வரலாம். எலி கடித்த ஒயரும் அப்படித்தான், ஹார்னஸின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் விடாதீர்கள். சி.என்.ஜி. போட்ட வண்டி என்றால் முதலில் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். கேஸில் மட்டும் வெட்டினால் கேஸ் ஃபில்டரையும் ரெகுலேட்டரையும் பார்ப்பதோடு பிளக்கையும் பாருங்கள். கேஸைப் பற்றவைக்க வோல்டேஜ் கூடுதலாக வேண்டும் என்பதால் தேய்ந்த பிளக் அதில்தான் முதலில் மாட்டும்.

“இவ்வளவு நேரம் செலவழித்தால் யார் காசு தருவார்கள்” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. பொருளில் வருகிற கமிஷனை நம்பிப் பட்டறை நடக்கிற வரை, பொருளை மாற்றத்தான் கை போகும். கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கூலி கேளுங்கள், பில்லில் அதைத் தனி வரியாக எழுதுங்கள். என்ன சோதித்தோம், என்ன எண் வந்தது, எதனால் இந்தப் பொருள் என்று அவர் தாய்மொழியில் சொல்லுங்கள், கழற்றிய பழைய பொருளை அவர் கையில் கொடுங்கள். முதலில் முணுமுணுப்பார்கள். ஒரே கூலியில் வேலை முடிந்த வாடிக்கையாளர் அடுத்த முறை பக்கத்துத் தெருக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவதை நான் கண்டிருக்கிறேன். வாடிக்கையாளர்களும் இதைப் படிப்பீர்கள் என்றால் உங்களுக்கும் சொல்கிறேன்: மெக்கானிக்கின் அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுங்கள்.

கண்டுபிடிக்க முடியாமலும் போகும். பட்டறையில் எட்டிப் பார்க்காத வெட்டு, ஓசூர் போகிற வழியில் மட்டும் வரும். அப்போது தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லி, வெட்டு வரும்போது வேகம், கியர், சூடு, டேங்கில் எவ்வளவு என்று குறித்துவைக்கச் சொல்லி அனுப்புங்கள். அந்தக் குறிப்போடு அவர் திரும்பி வந்தால் வேலை பாதி முடிந்திருக்கும்.

வேலை முடிந்ததும் அவரையே மறுபடி ஓட்டச் சொல்லி, அதே பாலத்தில், அதே கியரில் ஏறுங்கள். டிரிம் பழைய நிலைக்கு இறங்கியதா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அழித்த கோட் திரும்புவதற்குச் சில ஓட்டங்கள் ஆகும், விளக்கு எரிவதற்கு முன்பே அது ஸ்கேனரில் பென்டிங் கோடாகத் தெரியும். ஆகவே ஒரு வாரம் கழித்து வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஸ்கேனரைச் செருகிப் பென்டிங்கைப் பாருங்கள், அதற்குக் காசு வாங்காதீர்கள்.

அன்புடன்,
உங்களில் மூத்த ஒருவன்